கட்டுப் போட்ட கட்டைவிரல்

மார்ச் 4: வரவு 18,500
மார்ச் 19: பற்று 18,500
மார்ச் 19: பற்று 900
மார்ச் 21: பற்று 3,000
ஏப்ரல் 14: நிறுத்தம் 64,200

முதல் தொகை, பழுது நீக்கி விற்ற ஒரு கேமரா லென்ஸின் விலை. இரண்டாவது, அதே விலை வந்த வழியே திரும்பிப் போனது. மூன்றாவது, அப்படிப் போனதை நடுவில் நின்று வேடிக்கை பார்த்ததற்காக இணையச் சந்தை எடுத்துக்கொண்ட தகராறுக் கட்டணம். நான்காவது, தகராறைத் தீர்த்துத் தருவதாகச் சொல்லி, கூடப்பிறந்த தம்பி சொந்த அக்காளிடம் வாங்கிய கூலி. ஐந்தாவது, அந்தக் கூலிக்கு அவன் செய்த வேலையின் பலன்.

அக்காளைத் தெருவில் எல்லோரும் லென்ஸ்காரம்மா என்பார்கள். ஒரு கேமரா ரிப்பேர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடையை மூடியபோது முதலாளி கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்களையும், தூசி ஊதும் ரப்பர் பந்தையும், பூஞ்சை பிடித்த இருபது லென்ஸ்களையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். பில் போட்ட காலத்தில் மெக்கானிக்கின் கையைப் பார்த்துப் பார்த்து வேலை பாதி பிடிபட்டிருந்தது. மீதிப் பாதியை நாலு லென்ஸைக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். பிறகு அதுவே பிழைப்பாயிற்று. பழைய லென்ஸ்களை மொத்தமாக எடுப்பாள். பின்கட்டு அறையில் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் கழற்றுவாள், துடைப்பாள், பூட்டுவாள். படம் எடுத்துச் சந்தையில் போடுவாள். அவள் கணவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். அவர் சம்பளம் வாடகைக்குப் போகும். மற்றதெல்லாம் லென்ஸிலிருந்துதான் வர வேண்டும். அதாவது, சந்தையில் அவள் பெயரில் இருந்த கணக்கு மூடப்பட்டால் வீட்டில் அடுப்பும் மூடப்படும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பார்சலையும் இரண்டு தடவை தராசில் வைப்பாள். லென்ஸின் எண் தெரியும்படி பெட்டி திறந்திருக்கும்போது ஒரு படம். டேப் ஒட்டி மூடிய பிறகு ஒரு படம். பார்சல்காரர் வந்து தம் கையடக்க இயந்திரத்தில் எடை போட்டுக் கொடுக்கும் துண்டுச் சீட்டையும் எடுத்து வைப்பாள். நல்ல பழக்கம்தான்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அது வாய். முந்தைய வருஷம் ஒருவர், வாங்கிய லென்ஸில் கீறல் இருப்பதாகப் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டார். விளக்கம் தரும்படி சந்தையின் பரிசீலனைப் பிரிவு அவளுக்கு எழுதியது. அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: "கீறல் லென்ஸில் இல்லை, உங்கள் வாடிக்கையாளரின் நாக்கில் இருக்கிறது." ஒரு மணி நேரத்துக்குள் தோற்றாள். ஒரு வருஷத்துக்குள் இன்னொரு தகராறில் தோற்றால் கணக்கையே தூக்கிப் பரிசீலனையில் வைத்துவிடுவோம் என்று எச்சரிக்கை வேறு வந்தது. அன்றிலிருந்து சந்தைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாலே பேனாவை எடுப்பாள், வைப்பாள். சந்தைக்குப் பயந்தல்ல, எழுதத் தொடங்கினால் என்ன எழுதிவிடுவோமோ என்று.

இப்போது தம்பி. மாஸ்டர் என்றால்தான் தெரியும். என்ன மாஸ்டர், எதில் மாஸ்டர் என்று கேட்டவர் இல்லை. அவனே ஒருநாள் அட்டையில் அச்சடித்துக்கொண்டு வந்தான். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் பிடித்தான். பிடித்த பாலிசியைவிடப் பகைத்துக்கொண்ட உறவுகள் அதிகம். பிறகு தண்ணீர் வடிகட்டி ஏஜென்சி. வடிந்தது மாமனார் வீட்டுப் பணம். கடைசியாக அதே இணையச் சந்தையில் செல்போன் உறைகள் விற்றான். பெரிய கம்பெனிகளின் முத்திரையைத் தானே குத்தி விற்றதால் ஆறு மாதத்தில் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். கடை போன பிறகுதான் கடை நடத்துவது எப்படி என்ற ஞானம் அவனுக்கு வந்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறையைப் பிடித்து, 'விற்பனையாளர் பாதுகாப்பு மையம்' என்று போர்டு மாட்டினான். உள்ளே சுழலும் நாற்காலி ஒன்று, அவனுக்கு. சுழலாத நாற்காலிகள் இரண்டு, மாட்டிக்கொண்டவர்களுக்கு. சுவரில் ஒரு பெரிய பூட்டின் படம்.

அவன் தொழில் ரகசியம் ஒரு கடிதமும் ஒரு படமும். கடிதத்தை யாரோ வக்கீல் எழுதியதிலிருந்து சுட்டிருந்தான்: 'மேற்படி வாடிக்கையாளரின் தீய உள்நோக்கம் கொண்ட, அடிப்படையற்ற, உண்மைக்குப் புறம்பான' என்று மூச்சு முட்டத் தொடங்கும். பொருளின் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி எல்லோருக்கும் அதையே அனுப்புவான். படம், ஒரு பார்சல் தராசில் இருப்பது. அலுவலகம் திறந்த அன்று, மாதிரிக்கென்று விற்காமல் போன செல்போன் உறைகளை ஒரு பெட்டியில் அடைத்து டேப் ஒட்டும்போது பிளேடால் கட்டைவிரலை அறுத்துக்கொண்டான். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே பெட்டியை அழுத்திப் பிடித்தபடி, பல கோணங்களில் படமாக எடுத்துத் தள்ளினான். அதில் நன்றாக விழுந்த ஒன்றுதான் எல்லாத் தகராறுக்கும் ஆதாரம். விரலில் காயம் ஆறி ஒரு வருஷம் ஆகியும் படத்தில் மட்டும் ஆறவேயில்லை.

அவன் ஜெயித்ததும் உண்டு. சின்னத் தொகைத் தகராறுகளைச் சந்தை படிப்பதே இல்லை. இரண்டு பக்கமும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடும். அந்த வெற்றிகளை எல்லாம் அவன் தன் கணக்கில் எழுதிக்கொண்டான். தோற்றபோது, "நீங்க டேப்ப சரியா ஒட்டலைங்க" என்பான்.

மார்ச் 19 அன்று சந்தையிலிருந்து வந்த தகவல் இது: லென்ஸ் வாங்கியவர் தம் வங்கியிடம், பெட்டி காலியாக வந்தது என்று சொல்லிவிட்டார். வங்கி பணத்தைப் பிடுங்கிக்கொண்டது. விற்பவர் ஒரு வாரத்துக்குள் ஆதாரத்துடன் பதில் தரலாம். ஒரே ஒரு பதில்தான்.

அக்காளிடம் ஆதாரம் இருந்தது. மூடிய பார்சல் தராசில் 742 கிராம். பார்சல்காரர் சீட்டிலும் 742. காலிப் பெட்டி 130 கிராமைத் தாண்டாது. இதைப் புரிந்துகொள்ள யாரும் சட்டம் படிக்க வேண்டியதில்லை. மூன்று வரி எழுதி இரண்டு படத்தை இணைத்தால் முடிந்தது. ஆனால் அவள் பேனாவை எடுத்ததும் கணவர் பதறிப்போனார்.

"நீ எழுதாதே தாயே. போன தடவ எழுதினதே போதும். இதுக்குன்னு மச்சான் ஆபீஸ் வெச்சிருக்கான்ல, அவன்கிட்ட குடு."

"அவன்கிட்டயா? அவன் கணக்கையே அவனால காப்பாத்த முடியல."

"அதான் அனுபவம்ங்கிறது."

அவர் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். அன்று காலை மாஸ்டரிடம் போனில் பேசியிருந்தார். அக்காளுக்கும் தன் வாயின் மேல் நம்பிக்கை இல்லை. இந்தத் தகராறில் தோற்றால் கணக்கு போகும். கடைசியில், சரி, வரச் சொல்லுங்க என்றாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மாஸ்டர் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு படங்களைப் பார்த்தான். உச்சுக்கொட்டினான்.

"என்னக்கா போட்டோ இது? ஓரத்துல மாமாவோட கண்ணாடி கெடக்குது. டீ கிளாஸ் வேற."

"கெடந்தா என்ன? டீ கிளாஸப் பாத்ததும் லென்ஸு ஓடிப்போயிடுமா?"

"உனக்குப் புரியாதுக்கா. அவங்க பாக்குறது லுக்கு. பாத்தவுடனே கம்பெனின்னு தெரியணும்."

"எடை தெரியுதா இல்லையா? அதச் சொல்லு."

"எடைய எவன்கா பாக்குறான்?"

"எடை போடுற தராசுல எடையப் பாக்காம வேற எதடா பாப்பாங்க?"

"மாமா, நீங்களே சொல்லுங்க."

மாமா, கடைசியாகப் பேசியவன் மச்சான் என்பதால், "அவன் சொல்றதும் சரிதானே" என்றார்.

"சரி, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. இந்தப் படத்த வெச்சே எழுது. கூலி எவ்வளவு?"

"சேச்சே, உன்கிட்டப் போயி காசு கேப்பேனா?" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "மத்தவங்களுக்கு ஐயாயிரம்கா. உனக்கு மூணு போதும்."

கொடுத்தாள். அவன் போய் அந்த இரண்டு படத்தையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்சல்காரர் சீட்டை எங்கே வைத்தான் என்று அவனுக்கே பிறகு தெரியவில்லை. கடிதத்தில் 'பேபி சட்டை' என்று இருந்த இடத்தில் 'லென்ஸ்' என்று மாற்றினான், கட்டுப் போட்ட கட்டைவிரலை இணைத்தான், அனுப்பினான். அதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.

ஏப்ரல் 14 அன்று பதில் வந்தது. சந்தையின் கடிதங்கள் எப்போதும் 'உங்கள் நலனே எங்கள் நோக்கம்' என்றுதான் தொடங்கும். அப்படித் தொடங்கினாலே நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைப் படிக்க வேண்டும். தகராறில் அவள் தோற்றுவிட்டாள். அது மட்டுமில்லை. அவள் அனுப்பிய அதே கடிதமும் அதே படமும் இதுவரை பதினொரு விற்பனையாளர்களிடமிருந்து வந்துள்ளன. ஒருவர் காலணி விற்கிறார், ஒருவர் குழந்தை உடை, ஒருவர் மீன்தொட்டி மோட்டார். பதினொரு படத்திலும் ஒரே கட்டைவிரல், ஒரே கட்டு. எனவே பதினொரு கணக்கும் ஒரே மோசடிக் கும்பலுடையவை என்று சந்தேகிக்கப்படுகிறது. அவள் கணக்கு நிறுத்தப்படுகிறது. வர வேண்டிய 64,200-ம் நிறுத்தப்படுகிறது. இந்த விரல் யாருடையது என்று ஆதாரத்துடன் விளக்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். அந்தப் பணம், பொருள் வாங்கியவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்படும். கூடவே அந்தப் படத்தையும் அனுப்பியிருந்தார்கள்.

பதினொரு பேரை மோசடிக்காரர் என்று கண்டுபிடித்த அந்த மேதைகளுக்கு, பதினொரு பேரில் ஒருவருக்காவது போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றவில்லை.

அக்காள் படத்தை உற்றுப் பார்த்தாள். விரலை ஒரு பார்வையில் அடையாளம் கண்டுவிட்டாள். பக்கத்து விரலில் இருந்த நீலக்கல் மோதிரம் அப்பா போட்டிருந்தது. பிறகு தராசின் எண்ணைப் பார்த்தாள். 1,240 கிராம்.

"என்னங்க, இங்க வாங்க. நம்ம லென்ஸு போற வழியில நல்லா சாப்பிட்டு ஊதிப்போயிருக்கு, பாருங்க."

கணவர் படித்தார். திரும்பவும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"விரல் யாருதுன்னு கேக்குறாங்க. சொல்லிட வேண்டியதுதான்."

"கூடப்பிறந்தவனாச்சே. மாட்டிவிடுறதா?"

"அப்ப பணத்த விட்டுடலாமா?"

"அதெப்படி விட முடியும்?"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நீ பாத்துச் செய்" என்றார். முப்பது வருஷமாக அவர் எடுத்த முடிவுகளெல்லாம் இதுதான்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுநாள் காலை நேரே ஜெராக்ஸ் கடை மாடிக்குப் போனாள். அறை திறந்திருந்தது. சுழலும் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் விரலாம்மா?"

"ஆமாங்க, நானும் விரல்தான்."

"நான் மீன்தொட்டி மோட்டார். உக்காருங்க. விடிஞ்சதுலேருந்து காத்திருக்கேன், ஆளக் காணோம். என் மோட்டார் இருநூறு கிராம்மா. படத்துல ஒண்ணேகால் கிலோ. மீனையும் சேத்து அனுப்புனீங்களான்னு கேக்குறானுங்க."

"அப்பவே பாக்கலீங்களா?"

"எனக்கு அந்தப் படத்த எங்கம்மா காட்டுனான்? எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா தூங்குங்கன்னான். தூங்கிட்டேன்."

அக்காள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேஜையில் அதே தராசு. அலமாரி மேல்தட்டில் தூசி படிந்து ஒரு பெட்டி. எடுத்து ஊதிப் பார்த்தாள். டேப் கோணலாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் பழைய ரத்தக் கறை. தராசில் வைத்தாள். 1,240.

பெரியவர் நாற்காலி சுற்றுவதை நிறுத்தினார். "அட நாசமாப் போறவனே" என்றார், மெதுவாக, ஏறக்குறைய மரியாதையாக.

அவள் கீழே இறங்கினாள். ஜெராக்ஸ் கடை வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. கடைக்காரர் கண்ணால் பெரிய மெஷினுக்குப் பின்னால் காட்டினார்.

"மாஸ்டர், வெளிய வாங்க" என்றாள் அக்காள்.

வந்தான். தலையில் காகிதத் தூள். "அக்கா, நான் உன்னப் பாக்கத்தான் கெளம்பிட்டிருந்தேன்."

"மெஷின் வழியாவா? மேல வா."

மாடியில் பெரியவரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் வெளுக்கவில்லை. இது சந்தையோட சாஃப்ட்வேர் கோளாறு என்றான். தானே மேல்முறையீட்டுக் கடிதம் ஒன்று தயாரித்து வைத்திருப்பதாகவும், பதினொரு பேருக்கும் அதையே அனுப்பிவிடலாம் என்றும் சொன்னான். அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள், அவனுக்கு முன்னால் சிரித்தால் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான்.

கைப்பையிலிருந்து காயத்துக்குக் கட்டும் துணியை எடுத்தாள். "கைய நீட்டு."

"எதுக்கு?"

"கட்டுப் போடணும்."

"காயம் ஆறிடுச்சே."

"படத்துல ஆறலையே."

அவனுக்குப் புரிந்தது. "அக்கா, வேணாம்கா. எம் மொகம் வெளிய தெரிஞ்சா என் தொழில் என்ன ஆகும்?"

"எந்தத் தொழில்?"

அவன் திரும்பிப் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டு, "அம்மா, இவன் வீட்டு அட்ரஸ் கெடைக்குமா? மத்த ஒம்போது பேருக்கும் குடுக்கணும்" என்றார். மாஸ்டர் உடனே கையை நீட்டினான்.

அக்காள் கட்டைவிரலில் கட்டுப் போட்டாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே இடத்தில், அதே சாய்வில் கையை வைத்தாள். மோதிரம் தெரியும்படி திருப்பினாள். லென்ஸ்களுக்கே அவ்வளவு பொறுமையாகப் படம் எடுத்ததில்லை.

"குனியாத. நிமிந்து பாரு. இந்தத் தடவ மூஞ்சியும் வேணும்."

"சிரிக்கட்டுமா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. படம் எடுத்தால் எப்படி விழுவோம் என்பதுதான் அந்த நேரத்திலும் அவன் கவலை.

பிறகு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த செல்போன் உறைகளோடு இன்னொரு படம் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் திருட்டு முத்திரை பளபளத்தது.

அன்று சாயங்காலம் கடிதம் எழுதினாள். விரல் என் தம்பியுடையது. பெட்டியில் இருப்பது அவன் சரக்கு. மற்ற பத்துப் பேரும் என்னைப் போல் ஏமாந்தவர்கள். என் உண்மையான படங்களையும் பார்சல்காரர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய எடைச் சீட்டு நகலையும் இணைத்திருக்கிறேன். ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது: 'ஒரே கடிதத்தைப் பதினொரு தடவை படித்த பிறகுதான் உங்களுக்கு விளங்கியது என்றால், நீங்களும் அவனிடமே பாடம் படித்தவர்களாக இருக்க வேண்டும்.' கணவர் கெஞ்சிக் கூத்தாடி அந்த வரியை அடிக்க வைத்தார். திருமணமான நாளிலிருந்து அவர் தானாக நின்று சாதித்த காரியம் இது ஒன்றுதான். நகலைப் பெரியவர் வாங்கிப்போய் மற்ற ஒன்பது பேருக்கும் கொடுத்தார்.

மே மாதம் முழுக்கச் சந்தை 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று எழுதிக்கொண்டிருந்தது. எதற்கு நன்றி சொன்னார்களோ அது அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை. விற்க முடியாத லென்ஸ்கள் மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழைய சரக்குக் கொடுத்தவர் இரண்டு தடவை பாக்கி கேட்டு வந்து, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

கடைசியில் கடிதம் வந்தது. கணக்கு திறக்கப்பட்டது. 64,200 விடுவிக்கப்பட்டது. மற்ற பத்துப் பேருக்கும் அப்படியே. படத்தில் உள்ள நபர் இனி எந்த விற்பனையாளர் சார்பிலும் பதில் தரக்கூடாது. 18,500 பற்றிய தகராறை மட்டும் திரும்ப எடுக்க இயலாது. முதல் பதிலில் சேர்க்காத ஆதாரத்தைப் பார்ப்பதில்லை என்பது விதியாம். கணவரின் கண்ணாடியும் டீ கிளாஸும் தெரிந்த அந்த உண்மையான படத்தைக் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. காலிப் பெட்டி வந்தது என்று சத்தியம் செய்த அந்தப் பெரிய மனிதர், தீர்ப்பு தமக்குச் சாதகமான கையோடு சந்தையில் மதிப்புரை எழுதியிருந்தார்: 'லென்ஸ் பரவாயில்லை. பேக்கிங் அருமை.' அதையும் சந்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் முதல் பதிலில் இல்லையாம்.

மூவாயிரத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மாஸ்டர், அடுத்த தகராறுக்குப் பாதிக் கட்டணத்தில் செய்து தருவதாகச் சொன்னான்.

இப்போது அவன் இரண்டு தெரு தள்ளி வேறு மாடியில் இருக்கிறான். போர்டு புதிது: 'முடக்கப்பட்ட கணக்கு மீட்பு மையம்'. பூட்டுப் படம் இருந்த இடத்தில் சாவிப் படம். அதன் கீழே, மாமாவின் கையைக் காலைப் பிடித்து அவன் வாங்கிப்போன, சந்தை அக்காளுக்கு அனுப்பிய கடைசிக் கடிதத்தின் நகல், கண்ணாடிச் சட்டத்துக்குள். அவனைப் பற்றிய பத்தியை உள்பக்கமாக மடித்துவிட்டான். வருகிறவர்களிடம், "எங்க அக்கா கணக்க நான்தான் மீட்டுக் குடுத்தேன், இப்பதான், போன வாரம்" என்று சொல்கிறான். எந்த வாரம் யார் கேட்டாலும் போன வாரம்தான். அதற்கு வசதியாகக் கடிதத்தின் தலைப்பில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை ஒட்டித் தேதியை மறைத்திருக்கிறான். கடிதம் வந்தது ஜூன் 11.